கழலாத கொண்டை

அத்தியாயம் பதினொன்று

விடிந்ததிலிருந்தே காற்று சரியில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மூடி இரண்டு முறை பறந்து விழுந்துவிட்டது. மூன்றாவது முறை அதன் மேல் ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்துவிட்டு அந்த வீட்டு மருமகளான மூத்தவள் கீழே இறங்கி வந்தபோது, கூடத்தில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மாமியார் அந்த நேரத்தில் மெஷினில் உட்காருவது வழக்கமில்லை. பள்ளிக்கூடப் பைகளுக்கு ஜிப்பும் வாரும் தைத்துக் கொடுப்பது அவர் தொழில். அதற்கென்று ஒரு நேரம் உண்டு. சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான். இன்றைக்கு அடுப்பில் பால்கூட ஏறவில்லை.

மெஷினுக்குப் பக்கத்தில் அவருடைய இளைய மகன் சின்னவனின் ஹெல்மெட் இருந்தது. அதன் உச்சியில் சிவப்பாக ஒரு சேவல் கொண்டை.

அந்தக் கொண்டையைப் பற்றித்தான் பத்து நாளாக இந்த வீட்டில் பேச்சு. சின்னவன் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனிக்குச் சேவல்தான் சின்னம். கம்பெனி தொடங்கிப் பத்து வருஷம் ஆனதைக் கொண்டாட, ரைடர்கள் எல்லோரும் இரண்டு வாரத்துக்கு ஹெல்மெட்டின் மேல் கொண்டையோடுதான் ஓட்ட வேண்டும் என்று உத்தரவு. ஒரு சாண் உயரம், கெட்டி பிளாஸ்டிக், அடியில் ஒட்டுப் பட்டை. கொண்டை இல்லாமல் வந்தவனுக்கு அன்றைக்கு நல்ல ரூட் கிடைக்காது.

அந்த உத்தரவை எழுதி அனுப்பியவள் மூத்தவள்தான். அதே கம்பெனியின் கன்ட்ரோல் ரூமில் பகல் ஷிப்ட் சூப்பர்வைசர் அவள். கொழுந்தனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவளும் அவளே.

போன வாரம் சிக்னலில் ஒரு போலீஸ்காரர் சின்னவனை ஓரங்கட்டி, 'ஹெல்மெட்டின் அமைப்பை மாற்றியது' என்று எச்சரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, "அண்ணி, ஒரே வார்த்தை சொல்லுங்க. இது சட்டப்படி சரியா, தப்பா?" என்று கேட்டான் அவன்.

"சரிதான். ஆபீஸ்ல வக்கீல் பாத்தாச்சு," என்றாள் அவள்.

அந்தப் பதிலில் பின்பாதி மட்டும்தான் உண்மை. வக்கீல் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்பது அவளுக்கும் மேனேஜருக்கும் மட்டுமே தெரியும்.

"வாம்மா, இதைப் பாரு." மாமியார் ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டினார். "நேத்து மட்டும் மூணு தடவை கழண்டு விழுந்துச்சாம். ஒண்ணு லாரிச் சக்கரத்துல மாட்டிக் கூழாப் போச்சு. இது ரெண்டாவது கொண்டை. விடுவேனா? பைக்குப் போடற நைலான் வார். காத்துப் போற ஓட்டை வழியா விட்டு, உள்ள சுத்தி, தாடைப் பக்கம் கொண்டாந்து நாலு தையல் போட்டுட்டேன். இனி புயலே வந்தாலும் அசையாது."

மூத்தவள் கொண்டையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. பிடித்து இழுத்தாள். ஹெல்மெட்தான் முழுதாக அவள் கையோடு வந்தது.

ஹெல்மெட்டைத் திருப்பி, உள்ளே ஓடிய வாரைப் பார்த்தாள்.

வக்கீலின் கடிதம் ஒன்றரைப் பக்கம். அதில் மூன்று நிபந்தனைகள். இரண்டாவது நிபந்தனையை அவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்: அலங்காரப் பொருள் ஒட்டப்பட்டதாக மட்டுமே இருக்க வேண்டும். எதிலாவது பட்டாலோ சிக்கினாலோ அது உடனே கழன்று விழ வேண்டும். கழலாவிட்டால் அணிந்தவரின் கழுத்துக்கு ஆபத்து.

கழன்று விழுவதுதான் அந்தக் கொண்டையின் ஒரே நல்ல குணம். அதைத்தான் அத்தை தைத்து மூடிவிட்டார்.

"இவ்வளவு இறுக்கமா வேணுமா அத்தே?"

"பின்னே? அரைகுறையா ஒரு வேலை என் கையால நடந்ததுண்டா?"

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த சின்னவன் ஹெல்மெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சூப்பர்ம்மா! இனிமே என் தலை போனாலும் கொண்டை போகாது."

"வாயைக் கழுவுடா. காலங்காத்தால பேச்சைப் பாரு."

இப்போதே சொல்லிவிடலாம். கத்தரிக்கோல் மெஷின் மேலேயே கிடக்கிறது; வெட்டி எடுக்க அரை நிமிஷம். ஆனால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால், போன வாரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். கணவனோ கப்பல் வேலையில் இருப்பவன். சிக்னல் கிடைக்கிற நாளில் மட்டும் குரல் வரும். அவன் இல்லாத வீட்டில் அவளுக்கு இருக்கும் மரியாதையெல்லாம் 'மூத்தவ சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்கிற நம்பிக்கை ஒன்றுதான். அதைத் தானே கையால் உடைத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டாள்.

"தம்பி, காத்து பலமா இருக்கு. பாலத்துப் பக்கம் ரூட் வந்தா மாத்திக் கேளு."

"ரூட் போடறதே நீங்கதானே அண்ணி!"

"நான் எங்க போடறேன்? கம்ப்யூட்டர் போடுது."

"அப்ப கம்ப்யூட்டர்கிட்ட நம்ம உறவைச் சொல்லி வைங்க," என்று சிரித்துவிட்டு அவன் வண்டியை எடுத்தான். தெருமுனை திரும்பும்வரை அந்தச் சிவப்பு தெரிந்தது.

கன்ட்ரோல் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்பது ரைடர்கள் போனில் சொன்னால்தான் உள்ளே தெரியும். சுவரை அடைத்த திரையில் நகரத்தின் வரைபடம். அதில் அறுபத்து மூன்று புள்ளிகள். ஓடுகிற வண்டி பச்சை. மூன்று நிமிஷம் நின்றுவிட்டால் மஞ்சள். போன் தொடர்பே போய்விட்டால் சாம்பல். மஞ்சளைக் கண்டு யாரும் பதறுவதில்லை, டீ குடிக்க நின்றாலும் மஞ்சள்தான்.

சின்னவன் நாற்பத்தொன்றாம் புள்ளி.

பத்தே கால் மணிக்கு முதல் போன் வந்தது. பதினெட்டாம் நம்பர் ரைடர். குரலைவிடக் காற்றுச் சத்தம்தான் அதிகம் கேட்டது.

"மேடம், பாலத்து மேல நிக்கறேன். ஓட்ட முடியல. கொண்டையில காத்து அடிச்சா தலை தானாத் திரும்புது. வாத்தியார் காதைப் பிடிச்சுத் திருகற மாதிரி இருக்கு."

"கழட்டி வச்சிட்டு ஓட்டுப்பா."

"கழட்டினா ரூட் போயிடுமே மேடம். நீங்க எழுதிக் குடுத்திடுங்க, கழட்டிடறேன்."

எழுதிக் கொடுக்கும் அதிகாரம் அவளுக்கு இல்லை. எழுந்து மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் யாரையும் அதட்டிப் பேசியதில்லை. சாந்தமான மனிதர். அவரைப் பார்த்து அந்த அலுவலகமே பயந்தது அதனால்தான்.

"சார், வெளிய காத்து மோசமா இருக்கு. இன்னைக்கு ஒரு நாள் கொண்டையை எடுக்கச் சொல்லிடலாமா?"

"இன்னும் நாலே நாள்தானேம்மா. மேல இருக்கறவங்க தினமும் போட்டோ கேக்கறாங்க."

"வக்கீல் லெட்டர்ல நிபந்தனை போட்டிருக்காரே சார்…"

"எந்த லெட்டர்?" அவர் புன்னகை மாறவில்லை. "ரைடர்களுக்குப் போன மெசேஜ்ல ஒரே வரிதானே இருந்துச்சு? 'சட்ட ஒப்புதல் பெறப்பட்டது.' கீழ உங்க பேரு."

ரைடருக்கு ஒன்றரைப் பக்கம் படிக்க ஏது நேரம், ஒரே வரியில் போடுங்கள் என்று சொன்னவர் அவர். போட்டவள் அவள். அந்தக் கடிதம் தாளாகத்தான் வந்தது. கம்பெனியிடம் இருந்த ஒரே பிரதியை, எங்கேயாவது வையுங்கள் என்று அவளிடமே கொடுத்திருந்தார். அது அவள் மேசை டிராயரில் இருந்தது.

திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். நாற்பத்தொன்று ஆற்றங்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தது. அடுத்த பார்சல் அக்கரையில். அதாவது பாலம்.

ரூட்டைக் கையால் மாற்ற வழி உண்டு. ஒரு பட்டன். ஆனால் காரணம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் வரும். என்ன எழுதுவது? 'என் கொழுந்தன்' என்றா? பதினெட்டாம் நம்பருக்கு மாற்றாததை இவனுக்கு மட்டும் மாற்றினால், அதையும் நாளை ஒருவர் புன்னகையோடு கேட்பார். மவுஸின் மேல் அவள் விரல் இருந்தது. இருந்துகொண்டே இருந்தது.

அவள் மனதைத் தேற்றிக்கொண்டு பட்டனை அழுத்தியபோது புள்ளி பாலத்தில் ஏறிவிட்டது. 'வழியில் உள்ள ரூட்டை மாற்ற இயலாது' என்று திரை சொன்னது.

பச்சை நகர்ந்தது. கால்வாசிப் பாலம். பாதிப் பாலம்.

நின்றது.

"வண்டியை எடுத்துடு, எடுத்துடு," என்று தனக்குள் முணுமுணுத்தாள். வண்டியை நிறுத்திக் கொண்டையைச் சரிசெய்கிறானாக இருக்கும். காற்று அடங்கட்டும் என்று நிற்கிறானாக இருக்கும். போன் போட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள்.

புள்ளி மஞ்சளானது.

மூன்றாவது முறை போட்டபோது மணியே அடிக்கவில்லை. புள்ளி சாம்பலானது.

அதே நேரம் அவள் போன் அதிர்ந்தது. மாமியார்.

"ஏம்மா, சின்னவன் போன் எடுக்க மாட்டேங்கறான். எனக்கு என்னமோ மனசே சரியில்ல."

"வேலையா இருப்பான் அத்தே." தன் குரல் இவ்வளவு இயல்பாக வருவதைக் கேட்டு அவளுக்கே பயமாக இருந்தது. "நான் பேசச் சொல்றேன்."

போனை வைத்தாள். எல்லா ரைடர்களுக்கும் போகும் பெட்டியைத் திறந்து தட்டினாள்.

'வண்டியை ஓரமாக நிறுத்தி எல்லோரும் கொண்டையைக் கழற்றுங்கள். கட்டியிருந்தாலும் தைத்திருந்தாலும் உடனே வெட்டி எடுங்கள். சட்ட ஒப்புதல் என்று நான் எழுதியது முழு உண்மை இல்லை.'

யாரையும் கேட்கவில்லை. அனுப்பிவிட்டு எழுந்து ஓடினாள்.

கீழே பார்சல் ஏற்றிக்கொண்டிருந்தவன் தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு ரைடர். எல்லோருக்கும் அவன் சோடாபுட்டி. "பாலத்துக்குப் போகணும், இப்பவே," என்றாள். அவள் முகத்தைப் பார்த்தவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பின்னால் உட்கார ஹெல்மெட் வேண்டும். வரவேற்பறையில் அலங்காரத்துக்கு வைத்திருந்ததை எடுத்தாள். அதிலும் கொண்டை. பிடித்து ஒரே இழுப்பு. சொத்தென்று கையோடு வந்துவிட்டது. அதைத் தரையில் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

வெளியே வந்த பிறகுதான் காற்றின் உண்மையான பலம் தெரிந்தது. வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. முகக் கண்ணாடிக்குள் மணல் புகுந்தது. வழியெங்கும் ஓரமாக நின்று ரைடர்கள் கொண்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். சாக்கடை ஓரத்தில் ஒன்று, நடைபாதையில் இரண்டு. அறுபத்திரண்டு பேருக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. சேராதவன் ஒருவன்தான். ஒரு மணி நேரம் முன்னால் அனுப்பியிருந்தால், காலையில் கத்தரிக்கோலை எடுத்திருந்தால், போன வாரம் வாயைத் திறந்திருந்தால்… கணக்கு பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது.

பாலத்தின் நடுவில் கூட்டம். சோடாபுட்டி வண்டியை நிறுத்துவதற்குள் அவள் குதித்து இறங்கினாள்.

சின்னவனின் வண்டி சாய்ந்து கிடந்தது. பெட்டி திறந்து, அட்டை டப்பாக்கள் காற்றில் உருண்டு ஓடின. அவன் பாலத்தின் கைப்பிடிக் கம்பிகளை ஒட்டி ஒருக்களித்துக் கிடந்தான். கொண்டை இரண்டு இரும்புக் கம்பிகளுக்கு நடுவே புகுந்து இறுகியிருந்தது. உடம்பு ஒரு பக்கம் புரண்டிருக்க, தலை மறுபக்கம் பிடிபட்டிருந்தது. மனிதக் கழுத்து அப்படித் திரும்பி அவள் பார்த்ததில்லை.

இரண்டு பேர் அவன் தோளைப் பிடித்து இழுக்கப் போனார்கள்.

"கையை எடுங்க! யாரும் இழுக்காதீங்க!"

அது தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. கூட்டம் விலகியது.

"மூச்சு முட்டுதும்மா அவனுக்கு. ஹெல்மெட்டைக் கழட்ட வேணாமா?" என்றார் ஒரு லாரி டிரைவர்.

முட்டத்தான் செய்தது. தாடைப் பட்டி தொண்டையில் அழுந்தியிருந்தது. உதடு நிறம் மாறியிருந்தது. கண் மட்டும் அவளைப் பார்த்தது. "அண்…" என்றான். மீதி வரவில்லை.

ரைடர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை முதலுதவி வகுப்பு நடத்துவது அவள் பொறுப்பு. கடைசி வரிசையில் உட்கார்ந்து, வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்தபடியே அரைக் காதால் கேட்டதெல்லாம் இப்போது வரிசையாக வந்து நின்றது. கழுத்தில் அடிபட்டவனின் தலையை அசைக்கக் கூடாது. ஹெல்மெட்டைப் பிடுங்கக் கூடாது.

"சோடாபுட்டி, ரெண்டு கையாலயும் ஹெல்மெட்டைப் பிடி. ஒரு நூல்கூட நகரக் கூடாது. நீங்க தோளைப் பிடிங்க. நீங்க இடுப்பை. தூக்காதீங்க, பிடிச்சிருந்தாப் போதும். பிளேடு குடுங்க யாராவது!"

பார்சல் பிரிக்கும் பிளேடு சோடாபுட்டியின் பையிலேயே இருந்தது. அவள் தார் ரோட்டில் குப்புறப் படுத்தாள். கம்பிக்கும் அவன் காதுக்கும் நடுவில் பிளேடை நுழைத்தாள். நைலான் வார் வழுக்கியது. நாலு தையல் என்று அத்தை சொன்னார். ஒவ்வொரு தையலும் மும்மடங்காக ஓடியிருந்தது. பள்ளிப் பையில் பத்து கிலோ புத்தகம் தாங்கும் தையல்.

முதலாவது அறுந்தது. இரண்டாவது அறுந்தது. காற்று ஒரு தள்ளு தள்ளியதில் பிளேடு நழுவி அவள் விரலைக் கிழித்தது. "மேடம், ரத்தம்…" என்றான் சோடாபுட்டி. "நீ கையை எடுக்காத!" என்றாள்.

மூன்றாவது.

"அண்ணி பக்கத்துலதான் இருக்கேன். என்னையே பாரு. கண்ணை மூடாத."

நான்காவது தையல் அறுந்ததும் வார் சுருண்டு விலகியது. ஹெல்மெட் ஓர் அங்குலம் இறங்கிச் சோடாபுட்டியின் கைகளில் உட்கார்ந்தது. கொண்டை கம்பிகளுக்கிடையே தனியாக நின்றது. சின்னவனுக்குள் மூச்சு ஒரு கேவலோடு போனது.

"அண்ணி."

"சொல்லுடா."

"கால் ரெண்டும் இருக்கா?"

"இருக்கு. ரெண்டும் இருக்கு."

"அப்ப ஏன் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது?"

ஆம்புலன்ஸ் சத்தம் பாலத்தின் அந்தக் கோடியில் கேட்கும்வரை, அவன் கன்னத்தில் கை வைத்தபடி தார் ரோட்டிலேயே படுத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுருக்கமாகப் பேசினார். கழுத்தெலும்பு முறியவில்லை, நழுவியிருக்கிறது. நரம்பைச் சுற்றி வீக்கம். வலது கை விரல்கள் அசைகின்றன. இடது கையும் கால்களும் இன்னும் இல்லை. "நாளைக் காலை வரைக்கும் நான் நல்லதும் சொல்ல மாட்டேன், கெட்டதும் சொல்ல மாட்டேன்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மாமியார் செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒரு கால் அவருடையது, ஒரு கால் மூத்தவளுடையது. வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து, மருமகளின் கட்டுப் போட்ட விரலைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"மண்டையில ஒரு கீறல் இல்லையாம். நர்ஸ் சொன்னா. நான் அவ்வளவு இறுக்கிக் கட்டினதாலதான் ஹெல்மெட் தலையைவிட்டுப் போகல. இல்லேன்னா என்ன ஆகியிருக்கும், சொல்லு?"

மூத்தவள் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். மாமியாரின் கை சூடாக இருந்தது.

"சொல்லும்மா."

"ஒரு நிமிஷம் அத்தே. போலீஸ்ல கூப்பிடறாங்க," என்று எழுந்தாள். நல்லவேளையாக அது பொய்யில்லை.

மாடிப்படிக்குப் பக்கத்து அறையில் பெண் இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். மேசையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஹெல்மெட்டும், பக்கத்தில் தனியாகக் கொண்டையும், அறுந்த வாரும்.

மூத்தவள் ஒன்றையும் மறைக்கவில்லை. கடிதம், ஒரே வரி, தன் பெயர், காலையில் பார்த்த தையல் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லப் பயம் குறையும் என்று நினைத்திருந்தாள். கூடத்தான் செய்தது.

"இது சட்டப்படி தப்பா மேடம்?"

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "சட்டத்துல கொண்டைன்னு ஒரு வார்த்தையே இல்லம்மா. ஹெல்மெட் எப்படிச் சான்று வாங்கிச்சோ அப்படியே இருக்கணும்னு மட்டும் இருக்கு. ஒட்டினா அது மாத்தினதா ஆகுமா, கட்டினாத்தான் ஆகுமா? எங்க ஆளுங்களே ஒருத்தர் எச்சரிச்சு விடுவாங்க, ஒருத்தர் சிரிச்சிட்டுப் போவாங்க. வழக்குன்னு ஒண்ணு வந்தாத்தான் அதைப் பேசித் தீர்ப்பாங்க. இப்ப வந்திருக்கு."

அவர் வாரை விரலால் தொட்டார். "இதைக் கட்டினது யாருன்னு ஒரு கேள்வி வரும். கட்டக் கூடாதுன்னு தெரிஞ்சும் சொல்லாம விட்டது யாருன்னு இன்னொரு கேள்வி வரும். ரெண்டாவது கேள்விக்குச் சாட்சி அந்த லெட்டர்தான். எங்க இருக்கு?"

"ஆபீஸ்ல, என் டிராயர்ல."

"வக்கீல்கிட்ட நகல் இருக்குமே?"

"அவர் கம்பெனி வக்கீல் மேடம்."

"அப்ப லேசுல தர மாட்டார். டிராயர் சாவி?"

"ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு மேனேஜர்கிட்ட."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "நான் உத்தரவு வாங்கிட்டு ஆள் அனுப்ப நாளைக்கு ஆயிடும். உங்க டிராயரை நீங்க திறக்க யார் உத்தரவும் வேண்டாம்."

வராந்தாவுக்குத் திரும்பினாள். மாமியாருக்குப் பக்கத்து நாற்காலியில் ஆப்பிள் நிறைந்த பை ஒன்று புதிதாக இருந்தது.

"யார் அத்தே வந்தது?"

"உங்க மேனேஜர்தாம்மா. தங்கமான மனுஷன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'உங்க பையன் என் தம்பி மாதிரி'ன்னாரு. கம்பெனி எல்லாத்தையும் பாத்துக்குமாம். ஒரு பேப்பர்ல கையெழுத்து கேட்டாரு, போட்டுக் குடுத்தேன். எனக்கும் ஒரு காப்பி குடுத்துட்டுப் போனாரு. இந்தா."

மூத்தவள் தாளை வாங்கினாள். எழுத்துகள் ஒரு கணம் கலங்கித் தெளிந்தன. 'நிறுவனம் வழங்கிய அலங்காரப் பொருளை, நிறுவனத்துக்குத் தெரியாமல், நான் என் விருப்பப்படி ஹெல்மெட்டுடன் சேர்த்துத் தைத்துக் கட்டினேன். இதனால் ஏற்பட்ட விளைவுக்கு நானே பொறுப்பு.' கீழே பை தைக்கும் கையின் குண்டு குண்டான கையெழுத்து.

"படிச்சீங்களா அத்தே?"

"கண்ணாடி எடுத்துட்டு வரலயே. அவரே படிச்சுக் காட்டினாரு. நான்தான் கட்டினேன்னு போட்டிருக்குன்னாரு. உண்மைதானே? இதுல ஒளிக்க என்ன இருக்கு?"

மூத்தவள் அவர் காலடியில், தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தே, அந்தக் கொண்டை கழண்டு விழணும். விழுந்தாத்தான் கழுத்துக்கு ஆபத்தில்ல. வக்கீல் எழுதியே குடுத்திருந்தாரு. அதை மறைச்சு நான்தான் ஒரே வரியில எழுதி அனுப்பினேன். காலைல நீங்க தைச்சதைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும். பயந்துக்கிட்டு வாயை மூடிட்டேன்."

ஸ்ட்ரெச்சர் ஒன்று சக்கரம் கிறீச்சிட அவர்களைக் கடந்து போனது. மாமியார் தன் இரண்டு கைகளையும் விரித்து, உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப என் பிள்ளை கழுத்தை நானே கட்டிக் குடுத்திருக்கேன்."

"இல்ல அத்தே. தெரியாம செஞ்சது தப்பில்ல. தெரிஞ்சும் சொல்லாததுதான் தப்பு."

கன்னத்தில் அறை வேண்டுமானாலும் விழட்டும், அழுகை வேண்டுமானாலும் வெடிக்கட்டும் என்று தலை குனிந்து காத்திருந்தாள். இரண்டும் வரவில்லை.

"இன்ஸ்பெக்டர் அம்மா என்ன கேட்டாங்க?"

"அந்த லெட்டரை."

"எங்க இருக்கு?"

சொன்னாள். இரண்டு சாவி என்பதையும் சொன்னாள்.

மாமியார் அவள் தோளைப் பிடித்து எழுப்பி நிறுத்தினார். அந்தப் பிடியில் அன்பும் இல்லை, கோபமும் இல்லை. மெஷினில் துணியைத் திருப்பி வைக்கிற பிடி.

"உன்னை என்ன செய்யறதுன்னு நான் அப்புறம் பேசிக்கறேன். அதுக்கு நிறைய நாள் இருக்கு. அந்த ஆள் போய் எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? கால் மணி நேரம். கார்ல போயிருக்கான். நீ இங்க தரையில உக்காந்து அழுதுக்கிட்டிரு."

"அவன்கிட்ட யார் இருப்பா அத்தே?"

"பெத்தவ இருக்கேன். போ!"

படிகளில் இறங்கிக்கொண்டே அவள் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டாள். மணி நாலே முக்கால். கீழே சோடாபுட்டி வண்டியை உதைத்துக் கிளப்பித் தயாராக வைத்திருந்தான். நாலாவது முறை மணி அடித்ததும் அடுத்த மேசைப் பெண் எடுத்தாள்.

"நான்தான் பேசறேன். எனக்கு ஒரு உதவி செய். என் மேசைகிட்டப் போய்…"

"மேடம்." அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மேனேஜர் சார் இப்பதான் உள்ள வந்தாரு. உங்க நாற்காலியிலதான் உக்காந்திருக்காரு. எங்க எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு."